வெட்டலாமா... மலையேறலாமா?

உங்கள் வீட்டுப் பரணில், பழைய பித்தளைப் பாத்திரங்களோடு ஒரு ஜோடி தாயக்கட்டை கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கூடத்தில் கொண்டுவந்து வையுங்கள். இந்த மாதம் நான் எழுதித் தரும் மருந்துச் சீட்டு அதுதான்!

‘என்ன வைத்தியரே... சூரணம், லேகியம் என்று எழுதுவீர்கள் என்று பார்த்தால் தாயம் ஆடச் சொல்கிறீர்களே?’ என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. காரணம் இல்லாமல் சொல்வேனா? ‘அப்பாவுக்கு மறதி வந்துடுச்சுங்க, வல்லாரை ஏதாவது குடுங்க’ என்று கேட்டு யாராவது வராத வாரமே கிடையாது. வல்லாரை கொடுக்கத்தான் செய்கிறேன். கூடவே, ‘அப்பா சாயங்காலத்தில் என்ன செய்கிறார்?’ என்று ஒரு கேள்வி கேட்பேன். ‘டி.வி. பார்க்கிறார்’ என்று பதில் வரும். ‘யாரோடு பேசுகிறார்?’ என்று அடுத்துக் கேட்டால், மகனும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தாயம் என்பது அதிர்ஷ்ட விளையாட்டு, சோம்பேறிகள் திண்ணையில் உட்கார்ந்து ஆடுவது என்றொரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பாதிதான் சரி. கட்டை உருளுவது அதிர்ஷ்டம். உருண்டு நின்ற பிறகு எந்தக் காயை நகர்த்துவது என்பது முழுக்க முழுக்க உங்கள் மூளையின் வேலை. அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் கண்டுகொள்வதே இல்லை.

எங்கள் செஞ்சிக்கு வந்திருக்கிறீர்களா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்து வளைத்த மதில். தாயக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்ட கட்டம் இருக்கிறதே, அதற்கும் ‘மலை’ என்றுதான் பெயர். மலையில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1690-இல் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல். எட்டு வருஷம்! அதற்குள் உள்ளே இருந்த சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பித்துப் போயே விட்டார். கட்டம் போனது, காய் பிழைத்தது. (அந்தக் கோட்டையைத்தான் 2025-இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான்.)

சரி, ஆட்டத்துக்கு வருவோம். மறந்துபோனவர்களுக்காகச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், சண்டைக்கு வராதீர்கள்! ஒவ்வொரு கட்டையிலும் நாலு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டையையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்டினால் 1, 2, 3, 4, 5, 6 விழும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் 12. ஒன்று விழுந்தால் ‘தாயம்’. தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். எதிராளி காய் நிற்கிற கட்டத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தால் வெட்டு. அவர் காய் வெளியே போய் மறுபடி தாயத்துக்குக் காத்திருக்க வேண்டும், வெட்டியவருக்கு இன்னொரு ஆட்டம். ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழையலாம். சுற்றி முடித்து நடுவில் போய்ச் சேர்ந்தால் பழம்.

கட்டை சொல்லும் கணக்கு

இரண்டு கட்டைக்கும் சேர்த்து மொத்தம் பதினாறு விதமாக விழலாம். அதில் 3 விழ நாலு வழி. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று வழி. தாயத்துக்கும் 5-க்கும் இரண்டிரண்டு. 6-க்கும் 12-க்கும் தலா ஒன்றே ஒன்று. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பள்ளிக்கூடப் பிள்ளையே போட்டுவிடும்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 1, 5, 6, 12 விழுந்தால்தான் மறு ஆட்டம் இருக்கிறதே! அப்படியானால் உங்கள் முறை எப்போது முடியும்? 2, 3, 4 ஆகிய மூன்றில் ஒன்று விழுந்தால்தான் முடியும். எத்தனை பன்னிரண்டு போட்டாலும் சரி, கடைசியில் கை அடங்குவது இந்த மூன்றில் ஒன்றில்தான். பத்து முறையில் நாலு முறை 3-லும், மூன்று முறை 2-லும், மூன்று முறை 4-லும் அடங்கும். பாட்டிமார்கள் இதைக் கணக்குப் போட்டுப் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் ‘மூணு கட்டத்துக்கு முன்னால நிக்காதடி’ என்று பேத்தியை அதட்டுவார்கள், கேட்டிருக்கிறீர்களா? அது அனுபவக் கணக்கு.

எதிராளியின் காய் உங்களுக்கு மூன்று கட்டம் பின்னால் நின்றால், அடுத்த முறையில் நீங்கள் வெட்டுப்பட நூற்றுக்கு 45 வாய்ப்பு. நாலு கட்டம் என்றால் 37. இரண்டு என்றால் 32. ஐந்துக்கு 21, ஒன்றுக்கு 17, ஆறுக்கு 13. அதற்கு மேல் தள்ளி நின்றால் பத்தை ஒட்டித்தான். விழுந்த எண்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் ஆடலாம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. பாருங்கள், முதுகுக்குப் பின்னால் ஒட்டி நிற்கிற எதிரியைவிட, மூன்று கட்டம் தள்ளிப் பதுங்கி நிற்கிறவன்தான் ஆபத்தானவன்! பின்னால் மூன்றிலும் நாலிலும் இரண்டு காய்கள் நின்றால் முக்கால்வாசி நேரம் நீங்கள் காலி.

இப்போது உங்களுக்கு 3 விழுந்திருக்கிறது. மூன்று கட்டம் முன்னால் எதிராளியின் காய் நிற்கிறது, வெட்டலாம். இன்னொரு காயை மூன்று நகர்த்தினால் மலையேற்றலாம். எதைச் செய்வீர்கள்?

‘வெட்டுதான்! இதிலென்ன கேள்வி?’ என்று பாதிப் பேர் சொல்வார்கள். நம்ம ஊரில் வெட்டு என்றால் அப்படி ஒரு ஆசை. கொஞ்சம் பொறுங்கள். வெட்டிவிட்டு நீங்கள் நிற்கப்போகிற இடத்துக்கு நாலு கட்டம் பின்னால் எதிராளியின் வேறொரு காய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூற்றுக்கு 37 முறை நீங்கள் திருப்பி வெட்டுப்படுவீர்கள். உங்கள் காய் இப்போதுதான் இறங்கியது, ஐந்து கட்டம் வந்திருக்கிறது. அவர் காயோ முப்பது கட்டம் சுற்றி வந்த காய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுங்கள். போனால் ஐந்து, வந்தால் முப்பது.

தலைகீழாக இருந்தால்? உங்கள் காய் முப்பது கட்டம் வந்துவிட்டது, அவர் காய் ஆறு கட்டம்தான். வெட்டினால் அவருக்கு ஆறு நஷ்டம். உங்களுக்கோ முப்பதில் நூற்றுக்கு 37 பங்கு, அதாவது சராசரியாகப் பதினொரு கட்டம் ஆபத்தில். வெட்டினால் கிடைக்கிற மறு ஆட்டத்தையும், அவர் தாயத்துக்குக் காத்திருக்கப் போவதையும் தராசில் போடுங்கள். ஒரு முறை கைக்குக் கட்டை வந்தால் தாயம் விழ ஆறில் ஒரு வாய்ப்பு. அவருக்கு ஆட வேறு காய் இல்லாவிட்டால் இது பெரிய அடி. நாலு காய் கட்டத்தில் இருந்தால் அவர் கவலைப்படவே மாட்டார். இதற்கிடையில் நீங்கள் இன்னும் ஒரு வெட்டுகூட வெட்டவில்லை, உள்ளே நுழைய வழியில்லை என்றால் கதையே மாறிவிடும். அப்போது துணிந்துதான் ஆக வேண்டும்.

ஒரே 3-தான். அதற்குள் எத்தனை விசாரணை பாருங்கள்! கண் கட்டத்தைப் பார்க்கிறது, மனம் எண்ணுகிறது, ஆசையை அடக்குகிறது, எதிராளியின் முகத்தைப் படிக்கிறது. கை அதன் பிறகுதான் காயைத் தொடுகிறது.

இந்த விசாரணை நமக்கு மட்டும் சொந்தமில்லை. கீழடி அகழாய்விலேயே தாயக்கட்டையும் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன. மேற்கே இதற்கு ஒரு பங்காளி உண்டு. பாரசீகத்தில் ‘நர்து’, ஐரோப்பாவில் ‘பேக்கமன்’. இருபத்துநாலு வீடு, ஆளுக்குப் பதினைந்து காய், ஆறு பக்கக் கட்டை இரண்டு. தனியாக நிற்கும் காயை அடிக்கலாம். இரண்டு காய் ஜோடியாக நின்றால் அது மலைக்குச் சமம், தொட முடியாது. 1992-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜெரால்டு டெசாரோ ஒரு கம்ப்யூட்டருக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கினார். எப்படி? அதையே அதனோடு மோதவிட்டு, லட்சக்கணக்கான ஆட்டம் ஆடவைத்து! அது உலகத் தரத்துக்கு வந்துவிட்டது. ஆட்டத் தொடக்கத்தில் 2-1 விழுந்தால், நல்ல வீடு பிடிக்கிற ஆசையில் ஒரு காயைத் தனியாக முன்னால் வைத்துத் துணிந்து பார்ப்பதுதான் அதுவரை பெரிய ஆட்டக்காரர்களின் வழக்கம். இயந்திரம், ‘வேண்டாம், பின்னால் இருக்கும் காயை லேசாக நகர்த்து’ என்றது. ஆராய்ந்து பார்த்த வல்லுநர்கள் தங்கள் வழக்கத்தையே மாற்றிக்கொண்டார்கள். ஆசைக்கும் கணக்குக்கும் நடக்கிற வழக்கில் உலகச் சாம்பியனும் தப்பவில்லை.

நெற்றிக்குப் பின்னால் நடப்பது

லாபத்தையும் ஆபத்தையும் நிறுத்துப் பார்க்கும் வேலையை மூளையின் முன்பகுதி, அதாவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, பெரும்பாலும் கவனித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் பெச்சாரா, டமாசியோ ஆகியோர் 1990-களில் ஒரு சோதனை செய்தார்கள். நாலு சீட்டுக்கட்டுகள். இரண்டில் பெரிய பரிசு வரும், ஆனால் அதைவிடப் பெரிய அபராதமும் வரும். மற்ற இரண்டில் சின்னப் பரிசு, சின்ன அபராதம்; கடைசியில் லாபம். சாதாரண மனிதர்களுக்கு, ‘இந்தக் கட்டு மோசம்’ என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, அதை எடுக்கப் போகும்போது உள்ளங்கை வியர்த்தது! மூளையின் அந்த முன்பகுதியில் அடிபட்டவர்களுக்கு வியர்க்கவே இல்லை. நஷ்டப்பட்டுக்கொண்டே மோசமான கட்டையே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் தாயம் ஆடினால் மறதி வராதா? இங்கேதான் நான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்திருந்தார்கள். படிக்கிறவர்கள், பலகை விளையாட்டு ஆடுகிறவர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள், நடனம் ஆடுகிறவர்கள் ஆகியோரிடம் மறதி நோய் குறைவாக இருந்தது. பிரான்சில் 3,675 முதியவர்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளியிட்ட முடிவிலும், இப்படி விளையாடுகிறவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு 15 விழுக்காடு குறைவு என்றார்கள். ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். விளையாடியவர்கள் ஆரம்பத்திலேயே ஞாபகம் நன்றாக இருந்தவர்கள், மனச்சோர்வு குறைந்தவர்கள். அதையும் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. ஆகவே ‘தாயம் ஆடுங்கள், மறதி நோய் அண்டாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் சொல்ல மாட்டேன்.

பின்னே எதற்கு ஆடச் சொல்கிறேன்? இரண்டு காரணம். ஒன்று, தனிமை. எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் தாயம். பேச்சு, கிண்டல், ‘ஏமாத்துறியா?’ என்கிற சண்டை எல்லாம் அதில் சேர்த்தி. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியம். பெரியவர்கள் ஆடும்போது நீங்கள் அவர்களைக் கவனிக்க முடியும்.

நாற்பது வருஷமாகத் தாயம் ஆடிய அம்மா, மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார், எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் நாக்கில் வர மறுக்கிறது. அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் அதே அம்மா காயை எதிர்த்திசையில் நகர்த்துகிறார். தன் காய் எது, உங்கள் காய் எது என்று குழம்புகிறார். 5 விழுந்தால் மறு ஆட்டம் என்பதையே ‘அப்படியா?’ என்று கேட்கிறார். முன்பு நிதானமாக மலையேறியவர் இப்போது கண்டதையெல்லாம் வெட்டுகிறார், கேட்டால் எரிந்து விழுகிறார். இந்த மாற்றம் சில மாதங்களாகத் தொடர்ந்தால் மூளை நரம்பு மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ காட்டுங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இவையும் இப்படிக் காட்டும். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஆறு மாதம் வல்லாரை லேகியத்தோடு ஓட்டுவது பெரியவர்களுக்கு நாம் செய்யும் துரோகம். சித்த வைத்தியனாக இருந்துகொண்டேதான் இதைச் சொல்கிறேன்.

இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழப்பம் வந்தால் அது வேறு சமாசாரம். சிறுநீர்த் தொற்று, உடம்பில் உப்புச் சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. இன்னொன்று: நேற்றுவரை நன்றாக ஆடியவர் இன்றைக்குக் கட்டத்தின் இடது பக்கக் காய்களைக் கவனிக்கவே மாட்டேன் என்கிறார், கண் பார்வை நன்றாகவே இருக்கிறது என்றால், வலது பக்க மூளையில் ரத்தம் தடைபட்டிருக்கலாம். வாய் கோணுகிறதா, கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். அந்த நேரத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. என் போன்ற வைத்தியர்களைத் தேடிக்கொண்டும் வரக் கூடாது. பக்கவாதத்துக்குப் பிந்தைய பராமரிப்பில் எங்களுக்கு இடம் உண்டு, முதல் நாலரை மணி நேரத்தில் இல்லை.

பெரியவர்கள் ஆடும்போது பாவம் என்று விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைக்கிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். அவர்களுக்குத் தெரிந்துவிடும், வெளியே சொல்ல மாட்டார்கள். நன்றாக வெட்டுங்கள்! யோசிக்கக் கூடுதல் நேரம் கொடுங்கள், அது போதும். ‘இந்தக் காயை ஏம்ப்பா நகர்த்தினே?’ என்று கேளுங்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லும்போது அவருக்கும் தெளிவாகும், உங்களுக்கும் விளங்கும்.

சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏழைக் குடும்பத்துப் பாலர் பள்ளிக் குழந்தைகளை வரிசையாக எண் எழுதிய கட்டத்தில் காய் நகர்த்தி விளையாடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் நாலே நாலு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். குழந்தைகளின் எண்ணறிவு நன்றாகவே கூடியிருந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர்களே, கேட்டுக்கொண்டீர்களா?

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லியாக வேண்டும். தாயத்தோடு காசு சேரக் கூடாது. தூக்கமில்லை, வயிற்றெரிச்சல் என்று என்னிடம் வந்த ஓர் இளைஞர், நாலாவது முறை வந்தபோதுதான் செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடுவதைச் சொன்னார். ‘அஞ்சு ஆட்டம் தொடர்ந்து தோத்துட்டேன் சார், ஆறாவது எனக்கு வந்தே தீரணும்ல?’ என்று கேட்டார். வராது தம்பி! ‘பன்னிரண்டு விழுந்து ரொம்ப நேரமாச்சு, இனிமே விழும்’ என்று நாமும் தாயத்தில் சொல்கிறோம். கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. முன்னால் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அதே பதினாறில் ஒன்றுதான். இதை வீட்டுத் தரையில், காசில்லாமல், பத்து வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை பிற்காலத்தில் விட்டதைப் பிடிக்க ஓடுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்கும் என்பது என் நம்பிக்கை. 2022-இல் தமிழக அரசு இணையச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் போட்டது. 2025-இல் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் குறுக்கு வழிகள் முளைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருந்தால் வயிற்றுக்கு மருந்து தேடுவதற்கு முன் போனைப் பாருங்கள்.

எப்படி ஆடுவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் தரையில் சம்மணம் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், மறுநாள் என்னிடம்தான் வர வேண்டியிருக்கும். ஒரு அட்டையில் கட்டம் வரைந்து மேஜைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு நடை நடங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், ஆட்டச் சுவாரசியத்தில் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடவே கூடாது. வைகுண்ட ஏகாதசி, சிவராத்திரி என்றால் விடிய விடிய ஆடலாம், வருஷத்தில் ஒரு நாள். மற்ற நாளில் ஒன்பது மணிக்குக் கட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். ராத்திரி கண் விழித்தால் வாதமும் பித்தமும் கூடும் என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. தூக்கம் கெட்டால் மறுநாள் ரத்த அழுத்தம் ஏறும் என்று அலோபதி டாக்டரும் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்.

கை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பித்தளைக் கட்டையை உருட்டுவது சிரமம். அவர்களுக்கு நாலு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தரையில் தேய்த்து, ஒரு கொட்டாங்கச்சியில் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்கச் சொல்லுங்கள். எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அத்தனை. எல்லாமே கருப்பாக விழுந்தால் எட்டு. ஆனால் கணக்கு மாறிவிடும், மறந்துவிடாதீர்கள். இதிலும் ஏறக்குறைய பதினாறு வழிதான். 2 விழ ஆறு வழி, 1-க்கும் 3-க்கும் நாலு நாலு, 4-க்கும் 8-க்கும் ஒன்று ஒன்று. அதனால் கொட்டாங்கச்சி ஆட்டத்தில் எதிராளிக்கு இரண்டு கட்டம் முன்னால் போய் நிற்காதீர்கள்.